முட்டைக்குள் முட்டை

பிரெஞ்சு விருந்தில் முதலில் வந்து சத்தமில்லாமல் காலியாகிவிடும் சிறு பண்டங்களில் ஒன்று உஃப் மிமோசா. முட்டையை அவித்து, நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து, மஞ்சள்கருவை எடுத்துவிடுவார்கள். அதில் பெரும்பகுதியை மயோனைஸில் பிசைந்து வெள்ளைக்கருவின் குழியிலேயே மறுபடி நிரப்புவார்கள். ஒதுக்கிவைத்த மிச்ச மஞ்சள்கருவைச் சல்லடையில் தேய்த்து மேலே உதிர்ப்பார்கள். கொஞ்சம் பார்ஸ்லி, அடியில் ஒரு லெட்யூஸ் இலை, அவ்வளவுதான். சமையல் புத்தகங்களில் அரைப் பக்கத்தைத் தாண்டாத இந்தச் செய்முறையில் ஒரு விநோதம் இருக்கிறது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்குள் மசாலா போகிறது, கொழுக்கட்டைக்குள் பூரணம் போகிறது. இங்கே முட்டைக்குள் போவது முட்டை. எதை வெளியே எடுத்தார்களோ அதுவே உள்ளே திரும்புகிறது, அதுவே மேலே அலங்காரமாகவும் உட்காருகிறது. வெண்ணெய், க்ரீம், வைன், நாள்முழுக்கக் கொதித்த எலும்புச் சாறு என்று சேர்த்துக்கொண்டே போகிற சமையல் என்றுதான் பிரெஞ்சுச் சமையலைப் பற்றி உலகம் நினைத்திருக்கிறது. இந்த எளிய முட்டை அதற்கு எதிரான சாட்சி. உள்ளே திணித்த முட்டை மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய பண்டம். அதில் பிரான்ஸின் பங்கு சேர்த்ததில் இல்லை, ஒவ்வொன்றாகக் கழித்ததில் இருக்கிறது என்பது என் கட்சி. கழித்த பொருளின் இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்று பார்த்தால்தான் இந்தக் கணக்கு முடியும்.

கழித்தல் என்றால் முதலில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஆசிரியர் பெயர் தெரியாத ஆண்டலூசிய அரபுச் சமையல் நூல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் திணித்த முட்டைக்கு ஒரு குறிப்பு உண்டு. முட்டைகளை அவித்து, குளிர்ந்த நீரில் போட்டு, நூலால் இரண்டாக அறுக்கச் சொல்கிறார் அதை எழுதியவர். கத்தியில் மஞ்சள்கரு அப்பும், நூலில் அவ்வளவு அப்பாது. அடுப்படியில் நின்ற ஆள்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். பிறகு கொத்தமல்லித் தழையை இடித்து, வெங்காயச் சாறு, மிளகு, மல்லி விதை, எண்ணெய், உப்பு இவற்றோடு முர்ரியும் சேர்த்து மஞ்சள்கருவை மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். முர்ரி என்பது பார்லியைப் புளிக்கவைத்து எடுக்கும் கறுத்த, உவர்ப்பான சாறு. பிசைந்ததை வெள்ளைக்கருவுக்குள் அடைத்து, இரண்டு பாதிகளையும் திரும்பப் பொருத்தி, பிரியாமல் இருக்கச் சிறு குச்சி ஒன்றைச் செருகி, மேலே மிளகுத்தூள் தூவினால் முடிந்தது. தட்டில் வருவது முழு முட்டை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதோ ஒரு சந்தைக்கடை.

இத்தாலியின் 15ஆம் நூற்றாண்டு முட்டை இதைவிடக் கனமானது. மார்த்தினோ என்ற புகழ்பெற்ற சமையல்காரரின் செய்முறைகளைப் பிளாட்டினா என்ற அறிஞர் தம் லத்தீன் நூலில் எடுத்துச் சேர்த்தார். அச்சேறிய சமையல் நூல்களில் முதலாவது அது. அந்த மரபில் அவித்த முட்டையின் மஞ்சள்கருவோடு உலர்ந்த திராட்சை, பழைய பாலாடைக்கட்டி, புதிய பாலாடைக்கட்டி, பார்ஸ்லி, மார்ஜோரம், புதினா எல்லாம் சேர்ந்து இடிபடும். குங்குமப்பூ நிறம் கொடுக்கும். அடைத்த முட்டைகள் எண்ணெயில் பொரியும். மிஞ்சிய பூரணத்தைப் பழுக்காத திராட்சையின் புளிச்சாற்றில் கரைத்து, இஞ்சி, கிராம்பு, பட்டை சேர்த்துக் கொதிக்கவைத்து மேலே ஊற்றுவார்கள். இனிப்பு, புளிப்பு, காரம், நெய்ப்பு எல்லாம் ஒரே வாயில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மிஞ்சிய பூரணமே குழம்பாகிவிடும் சாமர்த்தியத்துக்குத் திரும்ப வருவேன். ஆனால் இந்த முட்டைகளில் முட்டை ஒரு பாத்திரம் மட்டுமே. அதன் வேலை பிற சுவைகளைச் சுமப்பது. இதே திராட்சையையும் பட்டையையும் கோழிக்குள் அடைத்தாலும் அந்தச் சமையல்காரர் நினைத்தது நடந்துவிடும்.

பிரான்ஸில் மனப்போக்கு மாறியதற்கு எழுத்துச் சாட்சிகள் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் நெருங்கி நெருங்கிக் கிடைக்கின்றன. உக்ஸெல் பிரபுவின் சமையல்காரரான லா வரேனின் நூல் 1651இல் வெளிவந்தது. இடைக்காலத்துக் குங்குமப்பூவும் இஞ்சியும் பட்டையும் அதில் பின்னுக்குப் போய், தோட்டத்துத் தழைகளும் வெண்ணெயும் முன்னுக்கு வருகின்றன. மூன்றே ஆண்டு கழித்து, 1654இல், நிக்கோலா த போன்ஃபோன்ஸ் எழுதிய நூல் இந்த மாற்றத்தைக் கொள்கையாகவே சொல்லிவிடுகிறது. முட்டைக்கோஸ் சூப்பில் முட்டைக்கோஸ்தான் மணக்க வேண்டும், லீக் சூப்பில் லீக்தான் மணக்க வேண்டும், ஒவ்வொரு பண்டத்துக்கும் அதன் சொந்தச் சுவையை விட்டுவைக்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்றைக்கு இது சாதாரணப் பேச்சாகத் தோன்றலாம். எது எதில் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் சமைப்பதே கைத்திறன் என்றிருந்த ஐரோப்பிய மேட்டுக்குடிச் சமையலில் இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1927இல் சுவையறிஞர்களின் இளவரசர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட குர்நோன்ஸ்கி இதே கொள்கையைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வரலாற்றாசிரியர்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்கள். மசாலாவைக் கழித்தது சுவையுணர்வா, அந்தஸ்துப் பிரச்சினையா? 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு மலபார் மிளகும் அதைத் தொடர்ந்து மற்ற சரக்குகளும் கடல்வழியாகக் கப்பல் கப்பலாகப் போய்ச் சேர்ந்தன. அரண்மனைக்கு மட்டும் கட்டுப்படியான சரக்கு கடைத்தெருவுக்கு வந்தது. கடைக்காரன் மனைவியும் மிளகு போட்டுச் சமைக்கத் தொடங்கியதும், பிரபுக்களுக்கு அதில் பெருமை போய்விட்டது. தங்கள் தோட்டத்து இளம் பட்டாணியும் புதிய வெண்ணெயும் புதிய பெருமை ஆயின. இந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு பழக்கம் எந்தக் காரணத்தால் தொடங்கியது என்பதும் அது எதைச் சாத்தியமாக்கியது என்பதும் வெவ்வேறு கேள்விகள். போலிப் பெருமையால் மசாலாவைக் கைவிட்டவர்கள், மசாலா இல்லாமல் சுவை வரவழைக்கும் வேலையைத் தங்கள் சமையல்காரர்கள் தலையில் கட்டினார்கள். மறைத்துக்கொள்ள எதுவும் இல்லாத அடுப்படியில்தான் முட்டை எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பது வாழ்வா சாவா என்ற விஷயமாகிறது. மிளகு மட்டும் எப்படியோ தப்பிப் பிரெஞ்சு மேசையில் தங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் காத்திரமானது. பிரெஞ்சுச் சமையலின் உச்சம் என்று சொல்லப்படும் 19ஆம் நூற்றாண்டு கழித்தலின் நூற்றாண்டே இல்லையே? எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் முட்டைப் பதார்த்தங்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ட்ரஃபிள் காளானும் வாத்துக் கல்லீரலும் இறாலும் தாராளமாக விளையாடும். திணித்த முட்டையின் சிமே வகையையே எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள்கருவோடு பொடியாக நறுக்கி வதக்கிய காளானைச் சேர்த்து அடைத்து, பாலாடைக்கட்டி கரைத்த வெள்ளைச் சாஸால் மூடி, மேலே இன்னும் கொஞ்சம் பாலாடைக்கட்டி தூவி, மேல்தீயில் பொன்னிறமாக்குவது அது. நல்ல பண்டம்தான். ஆனால் இன்று பாரிஸில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உஃப் மிமோசாவைத் தேட வேண்டியதில்லை. கறிக்கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலும், பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும், ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டிலும் அது தானாக எதிர்ப்படுகிறது. விலை மலிவு என்பதால்தானே பிழைத்தது என்றால், ஆமாம், அதுவும் ஒரு காரணம். ஆனால் சிமேயில் சேரும் காளானும் பாலும் மாவும் பிரான்ஸில் யாரையும் ஏழையாக்கும் சரக்குகள் அல்ல. விலையை மட்டும் வைத்து இந்தப் பிழைப்பை விளக்கிவிட முடியாது.

மயோனைஸைச் சுட்டிக்காட்டுவார்கள் அடுத்ததாக. முட்டைக்குள் முட்டை என்கிறாயே, எண்ணெயும் கடுகும் வினிகரும் எங்கிருந்து வந்தன? எண்ணெயின் எடை மயோனைஸில் முக்கால் பங்குக்குக் குறையாது என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணெய் எண்ணெயாக நாக்குக்குத் தெரிவதில்லை. மஞ்சள்கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும் ஒவ்வோர் எண்ணெய்த் துளியையும் தனித்தனியாகப் போர்த்தி, அடுத்த துளியோடு சேரவிடாமல் தடுத்து, ஒழுகும் திரவம் இரண்டிலிருந்து நிற்கும் சாஸ் ஒன்றை உண்டாக்குகின்றன. தண்ணீர் போதுமான அளவு இருந்தால் ஒரே மஞ்சள்கரு லிட்டர் கணக்கில் எண்ணெயைத் தாங்கும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டில் மயோனைஸ் திரிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெயின் அளவு அல்ல, அதை ஊற்றிய அவசரம். ஆக மயோனைஸ் என்பது எண்ணெயைச் சாக்காக வைத்து மஞ்சள்கரு எடுக்கும் இன்னொரு வடிவம். பச்சை மஞ்சள்கரு கட்டிய சாஸில் வெந்த மஞ்சள்கருவைப் பிசைவதுதான் மிமோசாவின் பூரணம். கடுகையும் வினிகரையும் மட்டும் என்னால் இப்படி விளக்கித் தப்பிக்க முடியாது, அவை உண்மையான சேர்மானங்கள்தான். அதிலும் கடுகு பிரெஞ்சுக் கடுகுகூட இல்லை. 2021இல் கனடாவில் வறட்சி வந்து விளைச்சல் படுத்ததும், 2022 கோடையில் பிரான்ஸின் கடைகளில் டிஜான் கடுகு விழுது இருந்த அலமாரிகள் காலியாகக் கிடந்தன. சொந்த மண்ணின் சுவை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை பேசும் நாட்டுக்கு அது கொஞ்சம் சங்கடமான கோடைதான்.

மஞ்சள்கருவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கழித்தல் எங்கே போய் நிற்கிறது என்பது புரியும். பச்சையாக இருக்கும்போது அது ஒரே கெட்டித் திரவம் மாதிரி தெரிகிறது. உண்மையில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள கோளங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் கூட்டம் அது. ஓட்டுக்குள் அசையாமல் வேகும்போது ஒவ்வொரு கோளமும் தனித்தனியாக இறுகுகிறது. அவித்த மஞ்சள்கரு மாவாக உதிர்வது அதனால்தான். அதே மஞ்சள்கருவை வேகும் முன்பே கலக்கிவிட்டால் கோளங்கள் உடைந்து ஒன்றாகி, ரப்பர் மாதிரி ஒரே கட்டியாக இறுகும். மிமோசாவின் மேலே உதிரும் மஞ்சள் பூந்துகள் யாரோ வெட்டிச் செதுக்கிய அலங்காரம் இல்லை. முட்டை தனக்குள் வைத்திருந்த மணிமணியான கட்டமைப்பைச் சல்லடை வெளியே கொண்டுவருகிறது. அதற்கு மஞ்சள்கரு நன்றாக ஆறியிருக்க வேண்டும், சல்லடையில் ஒரு பொட்டு ஈரம் கூடாது, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும், விழுந்த துகளை விரலால் சரிசெய்யக் கூடாது. முன்கூட்டியே தூவிவைத்தால் அடியிலுள்ள பூரணத்தின் ஈரத்தை உறிஞ்சிப் பூ சேறாகிவிடும். பரிமாறும் நேரத்தில்தான் தூவ வேண்டும்.

அதற்கு முன்னாலும் கண்ணி வைத்த இடங்கள் நிறைய. ஒன்பது பத்து நிமிடம் வேகவைத்துச் சட்டென்று குளிர்நீருக்கு மாற்றாவிட்டால் வெள்ளைக்கருவின் கந்தகம் வாயுவாக உள்ளே போய் மஞ்சள்கருவின் இரும்போடு சேர்ந்து, ஓரத்தில் பச்சையும் சாம்பலுமாய் ஒரு வளையம் கட்டும். ஆண்டலூசிய முட்டையில் அந்த வளையத்தைக் கொத்தமல்லியின் பச்சை விழுங்கிவிடும். மிமோசாவில் அது ஊருக்கே தெரியும். அன்று இட்ட முட்டையை அவித்தால் தோல் உரிக்கும்போது சதையும் சேர்ந்து பிய்யும். சில நாள் போனால் வெள்ளைக்கருவிலிருந்து கரியமில வாயு வெளியேறி அதன் காரத்தன்மை கூடி, ஓடு தன்னால் விலகும். இன்னொன்று: மஞ்சள்கரு வெள்ளைக்கருவைவிட இலேசானது, சும்மா விட்டால் மேல்பக்கமாக ஏறிவிடும். அப்படி வெந்த முட்டையை வகிர்ந்தால் குழியின் ஒரு பக்கச் சுவர் தடிமனாகவும் மறுபக்கம் காகிதம் மாதிரியும் இருக்கும், பூரணத்தின் பாரம் தாங்காமல் கிழியும். சமையலை வேதியியலாகப் படித்த எர்வே தீஸ் இதற்குச் சொல்லும் வைத்தியம் எளிமையானது: வேகத் தொடங்கும்போது முட்டையை நீரில் உருட்டிக்கொண்டே இருப்பது. ஆக, ஆறு முட்டைக்கு மசாலா இடிக்கிற வேலையை மிச்சப்படுத்திய சமையல்காரர், அந்த நேரத்தை அடுப்பின் முன்னால் நின்று முட்டை உருட்டுவதில் செலவழிக்கிறார்.

பெயர் கொடுத்த பூவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் காலக்கணக்குக்கு அது உதவும். மிமோசா என்று பிரெஞ்சுக்காரர் சொல்வது நம் தொட்டாச்சிணுங்கியை அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேஷியா மரத்தின் பஞ்சு உருண்டை போன்ற மஞ்சள் பூவை. நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் வாட்டில் மரக் கூட்டத்தில் அதே இனம் உண்டு. இங்கே அது 19ஆம் நூற்றாண்டில் வந்து சோலையையும் புல்வெளியையும் விழுங்கியது. பிரான்ஸின் தென்கடற்கரையில் பணக்காரர்களின் குளிர்காலத் தோட்டங்களுக்கு அழகு மரமாக வந்து பிறகு மலைச்சரிவெல்லாம் பரவியது. ரயில் 1863இல் கான் நகரத்தையும் அடுத்த ஆண்டு நீஸையும் எட்டியதும், பிப்ரவரியில் பூக்கும் அந்தக் கொத்துகள் வடக்கே பாரிஸ் வரை போயின. மாந்தலியூ ஊரில் 1931 முதல் மிமோசாத் திருவிழா நடக்கிறது. ஆகவே இந்த முட்டை இந்தப் பெயரோடும் இந்தப் பூவோடும் தொன்றுதொட்டு இருந்ததாக யாரும் உரிமை கொண்டாட முடியாது. ரயில் வந்த காலத்துக்குப் பிற்பட்ட செவ்வியல் இது. அதனால் என் வாதம் பலவீனப்படவில்லை, பலப்படுகிறது: கழித்தல் என்பது 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி முடிந்துபோன சம்பவம் அல்ல, பெயரில்லாத எத்தனையோ அடுப்படிகளில் அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு சோவியத் ரஷ்யாவில் மிமோசா என்ற பெயரில் ஒரு சாலட் பிரபலமானது. டப்பா மீன், முட்டை, வெங்காயம், மயோனைஸ் என்று அடுக்கடுக்காக வைத்து, கடைசி அடுக்காக மஞ்சள்கருவை உதிர்ப்பார்கள். பூ அங்கேயும் போய்ச் சேர்ந்தது, கழித்தல் போய்ச் சேரவில்லை.

அமெரிக்கர்களின் டெவில்ட் எக் இதேதானே, இதில் பிரான்ஸுக்கு என்ன தனி உரிமை என்று கேட்கலாம். பாஸ்டனின் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே திணித்த முட்டைக்கு மயோனைஸ் வந்துவிட்டது. காப்புரிமை யாருக்கும் இல்லை. ஆனால் அங்கே அந்த முட்டை போன வழி வேறு. பாப்ரிகா, ஊறுகாய், பன்றியிறைச்சித் துண்டு, காரச் சாஸ் என்று பூரணம் குவிந்து மலையாகி, வெள்ளைக்கரு மறுபடி பாத்திரமாகிவிட்டது. பிரெஞ்சு வீடுகளிலும் டப்பா சூரை மீனைச் சேர்ப்பவர்கள் ஏராளம், அவர்களை யாரும் நாடு கடத்துவதில்லை. எனக்கு இதைவிடச் சுவாரசியமான எதிர்ச்சாட்சி ழாக் பேப்பேன் தம் தாயின் பெயரில் பிரபலப்படுத்திய உஃப் ழானெத். 1935இல் பூர்-ஆன்-ப்ரெஸ் ஊரில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற சமையல்காரர் அவர். அவருடைய தாய் மஞ்சள்கருவைப் பூண்டு, பார்ஸ்லி, கொஞ்சம் பாலோடு பிசைந்து அடைத்து, அடைத்த பக்கம் கீழாகக் கவிழ்த்து வாணலியில் சிவக்க விடுவார். மிஞ்சிய பூரணத்தில் கடுகு விழுது, எண்ணெய், வினிகர் சேர்த்து அடித்தால் அதுவே சாஸ். மார்த்தினோவின் இத்தாலியத் தட்டில் பார்த்த அதே சாமர்த்தியம்: பூரணமே குழம்பாவது. ஐந்து நூற்றாண்டு இடைவெளியில் இஞ்சியும் கிராம்பும் பட்டையும் திராட்சையும் கழிந்துபோக, அந்தக் கைவேலை மட்டும் அப்படியே நிற்கிறது. கழிக்கப்பட்டவை எவை, கழிக்க முடியாமல் தங்கியது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை அமையாது.

தங்கியது உழைப்பு. இங்கேதான் நான் மேலே விட்டுவைத்த கணக்கைத் தொடர வேண்டும். எளிமை என்று சொன்னதும் குறைவான வேலை என்று நினைத்துக்கொள்வது வழக்கம். மிமோசாவில் பொருள் குறையக் குறைய வேலை கூடுகிறது. சிமே முட்டையை அவசரமாகச் செய்தாலும் சாஸ் மூடிவிடும். மிமோசாவை மூட எதுவும் கிடையாது. அந்த வேலை யார் செய்வது? பாரிஸ் உணவகங்களின் பின்கட்டில் கணிசமான பங்கு ஈழத்தமிழர் கைகள் என்பது புலம்பெயர் எழுத்தைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. கோப்பை கழுவுவதில் தொடங்கி, காய் நறுக்கி, முட்டை உரித்து, அடுப்புக்கு முன்னால் நிற்கும் இடத்துக்கு வந்தவர்களின் கதைகள் நம் சிறுபத்திரிகைகளிலேயே வந்திருக்கின்றன. பிரெஞ்சு ரசனை என்று மேசையில் கொண்டாடப்படும் தூய்மை, சமையல்கட்டில் இன்னொருவரின் மணிக்கட்டு வலி.

உணவக முதலாளிகள் இதை எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்கள். 1850களில் தூவால் என்ற கறிக்கடைக்காரர் பாரிஸ் சந்தைத் தொழிலாளிகளுக்கு மலிவாகச் சூடான சாப்பாடு கொடுக்கத் தொடங்கியதில் பிறந்தவை புய்யோன் என்ற சாப்பாட்டுக் கடைகள். 1896இல் தொடங்கிய ஷார்த்தியே இன்றும் நடக்கிறது. 2017இல் பிகால் பகுதியில் திறந்த புதிய புய்யோனின் வாசலில் வரிசை நிற்கிறது. இந்தக் கடைகளின் அடையாளப் பண்டம் முட்டைதான், ஆனால் மிமோசா அல்ல, உஃப் மயோ. முட்டையை வகிர்ந்து கவிழ்த்து, மேலே மயோனைஸை ஊற்றினால் தீர்ந்தது. குழியை நோண்டுவதில்லை, பிசைவதில்லை, சல்லடை இல்லை. இரண்டு யூரோ சுமாருக்கு ஒரு தட்டு கொடுத்து, நண்பகலிலிருந்து நள்ளிரவு வரை நூற்றுக்கணக்கான நாற்காலிகளை நிரப்பிக் காலிசெய்து மறுபடி நிரப்பும் கடையில் ஒவ்வொரு பாதி முட்டைக்கும் அரை நிமிடம் கூடுதலாகச் செலவிட முடியாது. 1990களில் உணவு விமர்சகர் குளோத் லெபே முட்டையைக் காப்பாற்ற ஒரு சங்கமே அமைத்தார். 2017இல் அவர் மறைந்த பிறகு அதைப் புதுப்பித்து ஆண்டுதோறும் போட்டிகூட நடத்துகிறார்கள். அந்தச் சங்கமும் உஃப் மயோவுக்குத்தான்.

உஃப் மயோதான் கழித்தலின் கடைசிப் படி, அதுதானே உன் வாதத்துக்குச் சரியான உதாரணம் என்று ஒருவர் மடக்கலாம். பொருளில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை: அதே முட்டை, அதே மயோனைஸ். உஃப் மயோவில் கழிந்தது பொருளல்ல, வேலை. உப்புநீரில் மிதக்கும் தோலுரித்த முட்டையை வாளியாகவும், மயோனைஸை இன்னொரு வாளியாகவும் வாங்கிவைக்கும் கடைக்கு அது இன்னும் ஒரு படி கீழே இறங்கும். 17ஆம் நூற்றாண்டின் போன்ஃபோன்ஸ் கேட்ட கழித்தலுக்கும் வாளிக்காரர் செய்யும் கழித்தலுக்கும் பெயர்தான் ஒன்று. மிமோசாவுக்கு மயோனைஸை வாளியிலிருந்து எடுத்தாலும், மஞ்சள்கருவைத் தோண்டுவதையும் திருப்பி அடைப்பதையும் கடைசி நிமிடத்தில் உதிர்ப்பதையும் யாராவது கையால்தான் செய்ய வேண்டும். பெரிய கடைகளின் அட்டையிலிருந்து அது மெல்ல விலகி, வீட்டு மேசையிலும் கல்யாண வரவேற்புத் தட்டுகளிலும் ஒதுங்கிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வீட்டில் சல்லடை தேய்ப்பவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. பெரும்பாலும் அது ஒரு பெண். மிமோசாவின் விலையைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் முட்டையின் விலையையும் எண்ணெயின் விலையையும் கூட்டிப் போட்டு, இவ்வளவு மலிவாக இவ்வளவு நேர்த்தியா என்று வியந்துவிட்டு நின்றுவிடுகின்றன. அந்தக் கூட்டலில் அவருடைய அரைமணி நேரம் எந்த வரியிலும் வருவதில்லை.